இரண்டு பட்டியல்களுக்கு நடுவே

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏன் மாற்றுகிறது என்று பூனையை யாரும் கேட்டதில்லை. எப்படி மாற்றுகிறது என்பதைப் பார்த்தவர்கள் உண்டு. குட்டியின் பிடரியைப் பல் பதியாமல் கவ்விக்கொண்டு மதில் ஏறும். பாதி வழியில் நாய் குரைத்தால் குட்டியை மதில்மேல் போட்டுவிட்டு ஓடாது. வந்த வழியே திரும்பிப் பழைய மூலையில் கிடத்திவிட்டு, நாய் போன பின்னர் மீண்டும் புறப்படும். ஒரு நாள் ஒரு காகம் அந்தப் பூனையைப் பார்த்து, "குட்டியை நடுவழியில் கொஞ்சம் இறக்கி வைத்து இளைப்பாறினால் என்ன?" என்று கேட்டதாம். பூனை பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டுமே!

ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த ஒருவனுக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் கதையின் பொருள் தெரியும். அவன் தொழிலில் அது பால பாடம். ஒன்றோடொன்று சேர்ந்த மாற்றங்களைத் தரவுத்தளத்தில் செய்யும்போது அவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிட வேண்டும். கட்டில் உள்ளவை அனைத்தும் நடந்தால் நடந்தது. ஒன்று தவறினாலும் மற்றவையும் நடவாதவை ஆகி, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பரிவர்த்தனை என்பது அதற்குத் துறையார் இட்ட பெயர். அவன் கட்டு என்றே சொல்வான்.

மருத்துவமனையில் அவனைக் கம்ப்யூட்டர் சார் என்று அழைத்தார்கள். வீட்டில் அவனுக்குத் தம்பி என்று ஒரே பெயர்தான்; அப்படி அழைப்பதற்கு அங்கே அக்கா ஒருத்திதான் இருந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவள் வேலை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பின் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்தாள். மற்ற நாட்களில் சாப்பாட்டு மேசைமேல் அச்சுத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீரைச் சிறு டம்ளரில் ஊற்றி, மிடறு மிடறாகக் குடித்தபடி வேலை செய்வாள்.

தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தம்பி முதல் மாதமே முன்வந்தான். சோதித்துப் பார்த்த டாக்டர் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்.

"கூடப் பொறந்ததுல ஒண்ணாவது பொருந்துதா பாரு," என்று அக்கா சிரித்தாள். "செருப்பு அளவு பொருந்தல, குணம் பொருந்தல. கிட்னி மட்டும் பொருந்திடுமாக்கும்! விடுடா, வரிசையில நின்னுக்கறேன்."

வரிசை என்றால் காத்திருப்போர் பட்டியல். இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுக்கும் சிறுநீரகங்கள், ரத்த வகை பார்த்து, முதலில் பதிந்தவர்க்கு முதலில் என்ற முறையில் அந்தப் பட்டியலின்படி போகும். அக்கா நான்கு ஆண்டுகளாக அதில் இருந்தாள். பட்டியலைப் பராமரிக்கும் மென்பொருளை எழுதியவனே தம்பிதான். ஆகவே அவள் பெயர் பதிவான அன்றே மருத்துவமனை அவனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது. உறவினர் ஒருவர் பட்டியலில் இருப்பதால், மேலிடத்து உத்தரவு இன்றி அவன் அதைத் திறந்து பார்க்கக் கூடாது.

"என்னடா, வரிசை நகருதா? இல்ல நத்தையோட அதுவும் படுத்துத் தூங்கிடுச்சா?" என்று அக்கா கேட்பாள்.

"பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா."

"போட்டா? திருட்டுத்தனமா ஒரு எட்டுப் பாக்கறதுக்கென்ன? ஊர்ல அவனவன் என்னென்னமோ பண்றான்."

அப்படிச் சொல்வாளே தவிர, அவன் பார்க்க மாட்டான் என்பதில் அவளுக்குப் பெருமைதான். டயாலிசிஸ் அறையில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அதைச் சொல்லியும் இருக்கிறாள். பின்னாளில் நினைத்துப் பார்த்தால், ஒரே ஒரு முறை அவன் வாக்குத் தவறியிருந்தால் போதும், இந்தக் கதையே இருந்திராது.

ஓர் ஆண்டுக்கு முன் சிறுநீரகப் பிரிவு பழைய கட்டடத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறியது. பட்டியலும் மாற வேண்டியிருந்தது. ஒவ்வொரு நோயாளியும் மாதாந்திரச் சோதனைக்கு வரும்போது, அவருடைய பெயரைப் பழைய பட்டியலிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்துக் கணினியிலிருந்து அவருடைய சோதனை விவரங்களை வாங்கி, புதிய பட்டியலில் பழைய பதிவுத் தேதியோடு சேர்க்க வேண்டும். எடுப்பது, வாங்குவது, சேர்ப்பது ஆகிய மூன்றையும் தம்பி ஒரே கட்டாகவே கட்டியிருந்தான்.

பதிவு மேசையில் அமர்ந்திருந்தவளுக்கு வரிசையம்மா என்று பெயர். இருபது ஆண்டுகளாக வரிசைகளை மேய்த்து மேய்த்துக் கிடைத்த பெயர். ஒரு காலை அவள் கணினிப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கம்ப்யூட்டர் சார், நீங்க நல்லா இருப்பீங்க, ஒரு தடவை வந்து என் மேசைல உக்காந்து பாருங்க. ஒரு ஆளை மாத்தறதுக்கு பட்டனை அமுக்கினா, உங்க மெஷின் யோசிக்குது, யோசிக்குது, மாப்பிள்ளை பாக்கப் போன வீட்ல பொண்ணு யோசிக்கிற மாதிரி யோசிக்குது. அதுக்குள்ள மத்த நாலு கவுன்டரும் நின்னுடுது."

"ஆய்வுக்கூடத்துல இருந்து பதில் வரணும்மா. வர்ற வரைக்கும் கட்டு திறந்தே இருக்கும். மத்தவங்க காத்துத்தான் ஆகணும்."

"கட்டோ மூட்டையோ, எனக்கென்ன தெரியும்? நேத்து ஒரு பெரியவர் கைத்தடியால என் கண்ணாடியைத் தட்டறாரு. 'நீ வேலை செய்றியா, பொம்மையா?'ங்கறாரு. நான் பொம்மையா சார்?"

அவள் கண்ணில் நீர் நின்றது. தம்பி இளகிய மனத்தான். அன்று மாலையே கட்டை அவிழ்த்தான். பெயரை எடுத்தல் உடனே நடந்து உறுதியாகிவிடும். ஆய்வுக்கூடத்தைக் கேட்பதும் புதிய பட்டியலில் சேர்ப்பதும் பின்னணியில், மெதுவாக, தாமே நடக்கும். ஆய்வுக்கூடம் பதில் தராவிட்டால் பிழைக் குறிப்பேட்டில் ஒரு வரி விழும். அந்தக் குறிப்பேட்டை நாள்தோறும் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் முறையாக வேறொரு வழி செய்துவிடலாம் என்று அவன் எண்ணினான். அடுத்த வாரம் மருந்தகத்தின் கணினி பழுதாயிற்று. அதற்கடுத்த வாரம் வேறொன்று. கவுன்டர்கள் வேகமாக ஓடின. வரிசையம்மா ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொண்டு வந்து கொடுத்தாள். எல்லாம் நன்றாக நடக்கும்போது குறிப்பேட்டைத் திறக்க யாருக்குத் தோன்றும்?

ஏழு மாதங்கள் சென்றன.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன் சிறுநீரகப் பிரிவின் தலைமை மருத்துவர் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்க அக்கா பதிவை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டீங்களா?"

"இல்லையே டாக்டர். ஏன்?"

"ஒரு கிட்னி வந்திருக்கு. அவங்க ரத்த வகைதான். இந்நேரம் அவங்க மேல வந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பட்டியலைப் பாத்தேன். பேரே இல்லை."

தம்பி நாற்காலியை இழுத்துத் திரையின் முன் உட்கார்ந்தான்.

"நான் திறந்து பாக்கலாமா டாக்டர்?"

"நான்தான் சொல்றேனே, பாருங்க. விட்டுப் போயிருந்தா அவங்க பேரைச் சேத்துடுங்க. பதினொன்றரைக்குப் பட்டியலை மூடிடுவேன். அதுக்கு மேல கிட்னி தாங்காது."

புதிய பட்டியலில் அக்கா இல்லை. பழைய பட்டியலிலும் இல்லை. அவன் பிழைக் குறிப்பேட்டைத் திறந்தான். ஏழு மாதங்களில் அதில் மூன்றே மூன்று வரிகள் விழுந்திருந்தன. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஒழுங்காக அக்கரை சேர்ந்திருக்க, கட்டை அவிழ்த்த இரண்டாம் வாரம், ஒரே நாள் முற்பகலில், ஆய்வுக்கூடத்துக் கணினி இருபது நிமிடம் நின்றுபோயிருந்த வேளையில், மூன்று பேர் நடு ஆற்றில் விழுந்திருந்தார்கள். எடுக்கப்பட்டார்கள், எங்கும் வைக்கப்படவில்லை.

முதல் வரி ஒரு தையல்காரர். அவருடைய கோப்பைத் திறந்தபோது, இருபத்தாறு நாட்களுக்கு முன் இறந்ததாகப் பதிவாகி மூடப்பட்டிருந்தது. இரண்டாவது லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர். மூன்றாவது அக்கா. லிஃப்ட்காரருக்கும் அக்காவுக்கும் ஒரே ரத்த வகை. அவர் அக்காவுக்கு ஒன்பது நாள் முன்னதாகப் பதிந்திருந்தார்.

அந்த ஒன்பது நாளைத் தம்பி திரையில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அக்காவின் சோதனை விவரங்கள் அனைத்தும் அவன் கைப்பேசியிலேயே இருந்தன. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யும்படி மருத்துவரே சொல்லியும் இருக்கிறார். லிஃப்ட்காரருடைய விவரங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. அதன் கணினியோ அன்றும் பதில் தராமல் சுழன்றுகொண்டிருந்தது. இப்படி ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்பது இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வரிசையம்மாவை அழைத்து, நடந்ததைச் சொல்லி, ஆய்வுக்கூடத்துக்குப் போய் அந்த மனிதருடைய தாளை வாங்கி வரக் கேட்டான்.

"ஐயோ, அந்த லிஃப்ட்காரர் சம்சாரம் மாசாமாசம் போன் பண்ணுவாங்க சார். 'எங்க வீட்டுக்காரர் முறை எப்ப வரும்'னு. கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, தானா வரும்னு நான்தான் சொல்லுவேன்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், குரலைத் தணித்தாள். "சார், முதல்ல உங்க அக்கா பேரைப் போடுங்க. மத்ததை மத்தியானம் பாத்துக்கலாம். யார் கேக்கப் போறா?"

"நீங்க போய்ட்டு வாங்கம்மா."

"தலைக்கு வந்திருக்கு சார். தலைப்பாகையோட போறதில்ல."

"தெரியும். போய்ட்டு வாங்க."

முழங்கால் வலிக்காரியான அவள் அன்று ஓடினாள். ஆய்வுக்கூடம் இரண்டு தளம் கீழே, நடைபாலத்துக்கு அப்பால் இருந்தது. அவள் திரும்பும்போது மணி பதினொன்று பத்தொன்பது. தம்பி இரண்டு பெயர்களையும் ஒரே கட்டில் வைத்து எழுதி முடித்திருந்தான். தாளைப் பார்த்து எண்களை இட்டான்; பொத்தானை அழுத்தினான்.

கணினி மறுத்தது. லிஃப்ட்காரருடைய திசுச் சோதனை எண்ணில் ஓர் இலக்கம் தவறு. அவள் மடித்துப் பிடித்து வந்த இடத்தில், வியர்வையில் மை கலைந்து, மூன்றா எட்டா என்று தெரியாமல் இருந்தது. ஒன்று தவறியதால் கட்டு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிற்று. அக்காவின் பெயரும் ஏறவில்லை.

மணி பதினொன்று இருபத்திரண்டு.

வரிசையம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தனித்தனியாப் போட்டுடுங்க சார். போறது போகட்டும், ஒரு உசிராவது..."

"தனித்தனியாப் போட்டதுலதாம்மா இவ்வளவும். ஆய்வுக்கூடத்துக்குப் போன் போடுங்க. அந்த எண்ணைக் கேளுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அந்த நேரத்தில் தம்பியின் மனத்தில் என்ன ஓடிற்று என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தான் என்று வரிசையம்மா பிற்பாடு சொன்னாள். மூன்றாம் முறை எடுத்தார்கள். எட்டு.

பதினொன்று இருபத்தேழுக்கு இருவர் பெயரும் ஒரு சேரப் பட்டியலில் ஏறின. பதினொன்றரைக்கு மருத்துவர் பட்டியலை மூடினார். முதல் பெயர் லிஃப்ட்காரருடையது.

அவருக்குச் சிறுநீரகம் பொருந்தியது. அன்று பிற்பகலே அறுவை நடந்தது, நன்றாகவே முடிந்தது. மாலையில் தம்பி மருத்துவரிடம் சென்று, கட்டை அவிழ்த்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவர் எழுந்து அலமாரியிடம் போனார். பிறகு ஒரு பழைய ஏட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"நாலு மாசம் முன்னாடி இதே வகைல ஒண்ணு வந்தது. பட்டியல் சரியா இருந்திருந்தா, அது அந்த லிஃப்ட்காரருக்குப் போயிருக்கும்." விரலை எடுக்காமலே சொன்னார்: "இன்னைக்கு வந்தது உங்க அக்காவுக்கு."

தம்பி வீட்டுக்கு வந்தபோது அக்கா மேசையில் தாள்களோடு இருந்தாள்.

"மூஞ்சியைப் பாரு, கப்பல் கவுந்த மாதிரி. மெஷின் திட்டிடுச்சா?"

"அக்கா, இன்னைக்கு ஒரு கிட்னி வந்துச்சு. உன் வகை."

பென்சில் நின்றது. அவன் சொல்லத் தொடங்கினான். அவள் ஒரு முறைகூடக் குறுக்கிடாமல் கேட்டாள். அவன் முடித்ததும் டம்ளரில் மீந்திருந்த தண்ணீரைப் பார்த்தாள், குடிக்கவில்லை.

"ஏழு மாசமா நான் எந்த வரிசையிலயும் இல்ல."

"இல்லக்கா."

"வாரத்துல மூணு நாள் ஊசி குத்திக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். எந்த வரிசைக்குடா சொல்லிக்கிட்டேன்?"

அவன் தலை குனிந்தான்.

"டாக்டர் சொன்ன கணக்குப்படி பாத்தா, இன்னைக்கு வந்தது என்னோடது."

"ஆமா."

"அது தெரிஞ்சுதான் பண்ணியா?"

"அப்ப தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தாலும்..."

"முடி. பாதியில விடாத."

"தெரிஞ்சிருந்தாலும் அவரை ஆத்துல விட்டுட்டு உன்னை மட்டும் தூக்கியிருக்க முடியாது. ரெண்டு பேரையும் தள்ளினது ஒரே கை."

அக்கா எழுந்தாள். மெலிந்த உடம்பு, மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். "உன் தப்பை நீ நேர் பண்ணிக்கிட்ட. ரொம்ப சரி. அதுக்கு என் உசிரை எடுத்து வச்ச பாரு, அதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு போன்? ஒருவேளை நானே குடுத்துடுன்னு சொல்லியிருப்பேன். ஒருவேளை சொல்லியிருக்க மாட்டேன். அதைச் சொல்றதுக்காவது எனக்கு இடம் இருந்துச்சா?"

உண்மையில் அவளைக் கேட்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் செய்த இரண்டாவது பிழை அது. முதலாவதைப் போலவே அதுவும், எவருக்கும் தீங்கு நினையாத ஒருவன் அவசரத்தில் செய்தது.

மூன்று வாரம் அவள் அவனோடு பேசவில்லை. டயாலிசிஸுக்கு வாடகைக் காரில் தனியே போய் வந்தாள். அவன் ஆக்கி வைத்ததைச் சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, உப்பு கூடிற்று என்றும் சொல்லவில்லை. உப்பு கூடிற்று என்றாவது சொல்ல மாட்டாளா என்று அவன் ஏங்கினான்.

மருத்துவமனை அவனைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தது. பாதிக்கப்பட்ட மூன்று குடும்பங்களுக்கும் நடந்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. அக்கடிதத்தை நானே எழுதுகிறேன் என்று தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று உறைகளை மேசைமேல் வைத்தான். ஒன்றில் அந்த வீட்டு முகவரியே இருந்தது.

அக்கா தனக்கு வந்ததைப் பிரித்துப் படித்தாள். கையில் பென்சில் இருந்தது. அதில் அவள் எந்தத் திருத்தமும் செய்யவில்லை. மடித்து உறையில் இட்டாள். பிறகு தையல்காரரின் முகவரி எழுதிய உறையை எடுத்துப் பார்த்தாள்.

"இதைத் தபால்லயா போடப் போற?"

மூன்று வாரத்துக்குப் பின் அவள் பேசிய முதல் சொல் அது.

"நேர்ல கொண்டு போகணும்னுதான். எப்படிப் போறதுன்னு தெரியலக்கா."

"செருப்பை மாட்டிக்கிட்டுத்தான். இரு, நானும் வரேன்."

தையல்காரரின் வீடு ஒரு குறுகலான தெருவில், மூன்றாம் தளத்தில் இருந்தது. அக்கா ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி. முன்னறையில் தையல் இயந்திரம் துணி போர்த்தியிருந்தது. பாதி தைத்த ஒரு கோட்டு, ஒரு கைதான் வைத்தது, சுவரில் தொங்கிற்று. தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கடிதத்தை நீட்டினான். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை.

"போனைத் தலைமாட்டுலயே வச்சிருப்பாரு," என்றாள் அவள். "குளிக்கப் போனாக்கூட என் கையில குடுத்துட்டுப் போவாரு. அது வரவே போறதில்லன்னு இப்ப வந்து சொல்றீங்க."

"ஆமாம்மா."

"பேரு இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

தம்பி அதை மருத்துவரிடம் விசாரித்திருந்தான். "அந்த மாசங்கள்ல அவர் ரத்த வகைக்கு ஒண்ணும் வரலம்மா."

"ஓ. அப்ப உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களாக்கும்!"

"இல்லம்மா. தப்புதான். அவர் காத்திருந்ததை ஒண்ணுமில்லாததா ஆக்கிட்டேன்."

"வாய் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு உங்க வீட்ல ஒருத்தருக்கு வந்தா தெரியும்." அவள் அப்போதுதான், கதவோரம் சுவரில் சாய்ந்து நின்ற அக்காவைச் சரியாகப் பார்த்தாள். முன்கையில் ஊசிகள் குத்திக் குத்தித் தடித்துப் போன நரம்பைப் பார்த்தாள். அதை அடையாளம் தெரியாதவள் அல்லள். "நீங்க யாரு?"

"இவனோட அக்கா. அன்னைக்கு விழுந்த மூணு பேர்ல நானும் ஒருத்தி."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குக் கிடைச்சிடுச்சா?"

"இல்ல. ஒண்ணு வந்தது. எனக்கு முன்னாடி பதிஞ்சவருக்குப் போச்சு."

"சொந்தத் தம்பி அங்க இருந்துமா?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"ஆமா," என்றாள் அக்கா. "சொந்தத் தம்பி அங்க இருந்தும்."

தையல்காரரின் மனைவி உள்ளே திரும்பினாள். பின்னர் இயந்திரத்தின் முன்னிருந்த நாற்காலியை, கணவர் போன பிறகு எவரும் உட்கார்ந்திராத அந்த நாற்காலியை, இழுத்து வந்து அக்காவின் அருகில் வைத்தாள். "உக்காருங்க. படியேறி வந்திருக்கீங்க." அதன் பிறகு கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். படித்து முடித்ததும் அழுதாள். அக்காவும் அழுதாள். தம்பிக்கு அழ உரிமையில்லை என்று தோன்றியதால் நின்றுகொண்டே இருந்தான்.

இறங்கும்போது இரண்டாம் தளத்துப் படியில் அக்காவால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உன்னை இன்னும் மன்னிக்கலடா."

"சரிக்கா."

"அங்க சொன்னது நிஜம். அதுல ஒரு பெருமைகூட இருந்துச்சு. அதுக்காகக் கோவம் போயிடல. ரெண்டும் இருக்கு."

"சரிக்கா."

"என்ன சரிக்கா, சரிக்கா! தலையாட்டி பொம்மை. கையைக் குடு, எழுந்திரிக்கணும்."

அவன் கை கொடுத்தான். அவள் இறங்கும் வரை அதை விடவில்லை.

அதன் பின் அக்கா தன் ரத்த வகையின் வரிசையில் முதலாவதாக எழுபத்திரண்டு நாள் இருந்தாள். அந்த நாட்களில் அவள் வகைக்கு ஒன்றும் வரவில்லை. எழுபத்து மூன்றாம் நாள் காலை, இயந்திரத்தோடு பிணைந்திருந்தபோதே, அவள் இதயம் நின்றது. மன்னித்தாளா என்று தம்பி கேட்டதில்லை. இறப்பதற்கு முந்திய நாள் இரவுச் சாப்பாட்டின்போது, ரசத்தில் உப்பு கூடிற்று என்று மட்டும் சொன்னாள்.